எண்ணிக்கையும் பரக்கத்தும்



கடந்த ஷஅபான் மாதத்தில் ஒருநாள், லுஹர் தொழுகைக்குப் பிறகு, ஓர் ஆலிமா தம் தாயாருடன் என்னைத் தேடி மத்ரஸாவுக்கு வந்தார். கணவரை இழந்தவர்; இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். கையில் புதிய கைப்பேசி ஒன்று இருந்தது. "ஹஜ்ரத், இரண்டு மாதமாகத் தினமும் இரண்டு மணிக்கு இதைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பிள்ளையும் வரவில்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்துவிடுகிறது" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பே என்னைத் தலைகுனிய வைத்தது. ஏனெனில், அந்தக் கைப்பேசியை வாங்கச் சொன்னவன் நான்.

என் லாத்தா மகன் நான்கு ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவன். கணினி அறிந்தவன். வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்க, இந்தக் கடற்கரை ஊர்களின் உஸ்தாதுகளையும் ஆலிமாக்களையும் இணையம் வழியே சேர்த்துவைக்கும் ஒரு தளத்தைத் தொடங்கலாம் என்றான். எனக்கு அந்த எண்ணம் மிகவும் பிடித்திருந்தது. கற்றுப் பட்டம் பெற்ற ஆலிமாக்கள் பலர் வீட்டிலேயே இருக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் உஸ்தாத் கிடைக்காமல் இருக்கிறார்கள். இருவருக்கும் நடுவே ஒரு கதவு வைத்தால் போதும் என்று நினைத்தோம். அவனுடைய சேமிப்பில் பெரும்பகுதியும், என் சம்பளத்தில் மிச்சம் பிடித்த சிறுதொகையும் அதில் சென்றன. ஜமாத்துல் ஆகிர் மாதத்தில் தளத்தைத் திறந்தோம்.

இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, பதிவு செய்த ஆசிரியர்கள் 23 பேர். மாணவர்கள் 3 பேர். அந்த மூவரில் ஒருவன் எங்கள் உறவினர் மகன்.

முயற்சி செய்யாமல் இருந்தோம் என்று சொல்ல முடியாது. ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசல்களில் துண்டறிக்கை கொடுத்தோம். தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் செய்தி அனுப்பினோம். பலரும் 'மாஷா அல்லாஹ்' என்று பதில் எழுதினார்களே தவிர, தளத்துக்கு யாரும் வரவில்லை. முகநூலில் ஐயாயிரம் ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தோம். அறுநூறுக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள், நால்வர் பதிந்தார்கள். அவர்களில் இருவர், தங்களுக்கு ஆசிரியர் வேலை கிடைக்குமா என்று கேட்டவர்கள்!

எங்கள் கீழவாஞ்சூர், நாகூருக்கு வடக்கே மாநில எல்லையை ஒட்டிய ஊர். எல்லையைத் தாண்டியவுடன் மதுக்கடைகள் இருக்கின்றன. அவற்றுக்குத் துண்டறிக்கை தேவையில்லை. கூட்டம் தானாக வந்து நிற்கிறது. மறுபுறம், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று பெரும் ஆரவாரத்துடன் தொடங்கி, சில நாள்களிலேயே நின்றுபோனதையும் பார்த்தோம். மீண்டும் ஓட 2024 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூட்டம் வருவதால் ஒன்று நல்லதாகிவிடாது, வராததால் கெட்டதாகிவிடாது. இது எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆயினும், ஆளில்லாத தளத்தின் முன் இரவில் தனியே உட்கார்ந்திருக்கும்போது இந்த அறிவு எனக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சோதனை வந்தது. விளம்பர வேலை செய்யும் ஒருவர் மருமகனிடம் பேசினார். ஒரு தொகை கொடுத்தால் சில நாள்களில் ஐயாயிரம் பயனர் கணக்குகளையும், ஐந்து நட்சத்திரப் பாராட்டுரைகளையும் ஏற்றித் தருவதாகச் சொன்னார். "மாமா, எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். காலிக் கடைக்குள் யாரும் நுழைவதில்லை. கொஞ்சம் கூட்டம் தெரிந்தால் உண்மையான ஆள்களும் வந்துவிடுவார்கள். நாம் ஓதிக் கொடுக்கப்போவது குர்ஆனைத்தானே" என்றான்.

உண்மையைச் சொல்கிறேன்: நான் உடனே மறுக்கவில்லை. தவணை கட்ட முடியாத அந்த ஆலிமாவின் முகம் என் கண்முன் நின்றது. நல்ல நோக்கத்துக்குச் சிறு வேடம் போட்டால் என்ன என்று நஃப்ஸ் கேட்டது. அன்றிரவு இஷாவுக்குப் பிறகு, நானே பலமுறை நடத்திய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. பொருளை வாங்கும் எண்ணமே இல்லாமல், பிறரை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். படிக்காதவர் பெயரில் பாராட்டு எழுதுவதும், இல்லாத கூட்டத்தைக் காட்டுவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்லவா? சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு கண்டித்த ஹதீஸும் நினைவுக்கு வந்தது. எங்கள் குவியல் வெளியே ஐயாயிரமாகத் தெரியும். உள்ளே கை வைத்தால் மூன்று பேர்தான் இருப்பார்கள்.

மறுநாள் மருமகனிடம், "தம்பி, பொய்யான ஆளைக் காட்டி உண்மையான பிள்ளைக்கு அலிஃப் சொல்லிக்கொடுக்க என்னால் முடியாது" என்றேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் வேறு வழி சொல்லுங்கள் மாமா" என்றான். நியாயமான கேள்வி. ஹராமைத் தடுத்துவிட்டு ஹலாலான வழியைத் தேடாமல் விடுவது அரைகுறை வேலை.

ஆகவே, முன்னால் சென்றவர்கள் என்ன செய்தார்கள் என்று படிக்கத் தொடங்கினோம். சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன் 1997இல் அமெரிக்காவில் மென்பொருள் பணியில் இருந்தபோது, அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். நாட்காட்டி முதலிய பல பகுதிகள் அதில் இருந்தன. ஆனால் மக்கள் தேடி வந்தது அதிலிருந்த மணமக்கள் பகுதியைத்தான். அதைக் கவனித்து அந்த ஒரு பகுதியையே அவர் தனியாக வளர்த்தார். பாரத் மேட்ரிமோனி உருவானது. தாம் கட்டிய வாசலைவிட மக்கள் நுழைந்த வாசலையே அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார்.

மற்றொன்று, ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலி. 2021இல் வெளிவந்தது. அத்தனை பெரிய நிறுவனம் பின்னால் இருந்தும் பல ஆண்டுகள் அதைப் பெரும்பாலோர் எட்டிப் பார்க்கவில்லை. காரணம் எளிது: என் உறவினர் இல்லாத செயலியில் நான் யாருடன் பேசுவேன்? நான் இல்லாத இடத்துக்கு அவர் ஏன் வருவார்? பின்னர் 2025 செப்டம்பர் இறுதியில், நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவு மூன்றே நாள்களில் 3,50,000 ஆக உயர்ந்ததாக அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். பிறகு அந்த வேகம் தணிந்தது. அலை எப்போது வரும் என்பது கட்டியவர் கையில் இல்லை. வரும் நாளில் படகு ஓட்டை இல்லாமல் இருக்கிறதா என்பது மட்டுமே அவர் கையில் இருக்கிறது.

எங்கள் படகில் ஓட்டை எங்கே என்று பார்க்க, ஒரு காரியம் செய்தோம். விளம்பரத்தை நிறுத்தினோம். தளத்துக்கு வந்து பாதியில் திரும்பிய குடும்பங்களில் தொடர்பு எண் விட்டுச்சென்றவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினோம். தாய்மார்களிடம் என் மனைவி பேசினார். பதினான்கு குடும்பங்கள். அந்தப் பதினான்கு உரையாடல்கள் எனக்குக் கற்பித்ததை எந்த விளம்பரமும் கற்பிக்கவில்லை.

ஒரு தாய், "பிள்ளையின் புகைப்படத்தையும் பிறந்த தேதியையும் முதலிலேயே ஏன் கேட்கிறீர்கள்? நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாதே" என்றார். இன்னொருவர், ஓதிக் கொடுப்பவரின் குரலை ஒருமுறையாவது கேட்காமல் எப்படிப் பணம் கட்டுவது என்று கேட்டார். பெண் பிள்ளைகளுக்கு ஆலிமாதான் வேண்டும் என்று பலர் சொன்னார்கள். அதைத் தேர்ந்தெடுக்கும் இடம் தளத்தின் மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம். நாங்கள் இந்திய நேரத்தை மட்டும் போட்டிருந்தோம். இங்கே பிற்பகல் இரண்டு மணி என்பது துபாயில் பன்னிரண்டரை. பிள்ளை அப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கும்! அந்த ஆலிமா தினமும் இரண்டு மணிக்கு யாருக்காகக் காத்திருந்தார் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

விடை எங்கள் ஊர் வரலாற்றிலேயே இருந்தது. காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதி. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் இங்கு நிறைய. பிரான்ஸில் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளுக்குப் புதன்கிழமை வகுப்பு கிடையாது. அங்கே குளிர்காலத்தில் காலை ஒன்பதரை மணி என்றால் இங்கே பிற்பகல் இரண்டு மணி. எங்கள் ஆலிமாக்கள் வீட்டு வேலை முடித்து ஓய்வாக இருக்கும் அதே நேரம்! உலகம் முழுவதற்கும் கடை விரித்த நாங்கள், எங்களை அறிந்த குடும்பங்கள் வாழும் அந்த ஒரு நாட்டை மறந்திருந்தோம்.

பதிவுப் படிவத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன, மூன்றாகக் குறைத்தோம். ஒவ்வோர் ஆசிரியரும் ஓதிய இரண்டு நிமிட ஒலிப்பதிவை, பதிவு செய்யாமலே கேட்கும்படி முன்னால் வைத்தோம். முதல் அரைமணி வகுப்பு இலவசம். தாயோ தந்தையோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைப்பார்கள் என்பதை அறியாமல், அடுத்த புதன்கிழமை எல்லா வகுப்புகளையும் ஒரு மணி நேரம் குழப்பினோம். மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டோம்.

இன்று மாணவர்கள் 19 பேர். ஆறு ஆசிரியர்களுக்கு மாதந்தோறும் ஒரு தொகை செல்கிறது. மருமகன் போட்ட பணம் இன்னும் திரும்பவில்லை. எப்போது திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது. அவன் பகலில் வேறொரு வேலைக்குச் செல்கிறான். அந்த ஆலிமாவிடம் இப்போது நான்கு சிறுமிகள் ஓதுகிறார்கள். முதல் மூன்று தவணைகளை நான் கட்டினேன். அது தர்மம் அல்ல, என் சொல்லுக்கு நான் செலுத்திய கடன். மீதியை அவரே கட்டுகிறார். இன்னும் பதினேழு ஆசிரியர்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் என் மீதுள்ள அமானத்.

இந்த நாள்களில் நூஹ் (அலை) அவர்களை அடிக்கடி நினைத்தேன். 950 ஆண்டுகள் அழைத்தும் அவர்களுடன் நம்பிக்கை கொண்டவர் சிலரே. முதலில் இதை எனக்கு ஆறுதலாக எடுத்துக்கொண்டேன். பிறகுதான் என் தவறு புரிந்தது. அவர்களுடைய அழைப்பில் குறை இல்லை. எங்கள் தளத்தில் குறை இருந்தது. மேலும், அவர்கள் இரவிலும் பகலிலும், பகிரங்கமாகவும் இரகசியமாகவும் அழைத்ததாகக் குர்ஆன் கூறுகிறது. நானோ ஒரே விதமாக அழைத்துவிட்டு, மக்கள் வரவில்லை என்று வருந்திக்கொண்டிருந்தேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. கட்டாத ஒட்டகத்துக்காகப் பொறுமையின் சிறப்பைப் பேசுவது பொறுமை ஆகாது.

புதிதாக ஏதேனும் தொடங்க எண்ணும் இளைஞர்களுக்கும், அவர்களை நம்பிப் பணம் கொடுக்கும் பெற்றோருக்கும் என் சிறு வேண்டுகோள்: ஆயிரம் பேரை அழைக்கும் முன் பத்துப் பேருடன் உட்கார்ந்து பேசுங்கள். வந்தவரை எண்ணுவதோடு நிற்காமல், திரும்பிச் சென்றவர் ஏன் சென்றார் என்று கேளுங்கள். உங்கள் சொல்லை நம்பிச் செலவு செய்தவர் யாரேனும் இருந்தால், அவருடைய நட்டத்தை உங்கள் கணக்கில் எழுதுங்கள். எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். அது உண்மையான எண்ணிக்கையாக இருக்கட்டும். பரக்கத்தை இறக்குபவன் அல்லாஹ். பொய் எண்ணிக்கையில் அதைத் தேடிப் பயனில்லை.

போன புதன்கிழமை ஒரு சிறுமி, குல்ஹுவல்லாஹு சூராவை முதன்முறையாகப் பிழையின்றி ஓதிய ஒலிப்பதிவை அந்த ஆலிமா எனக்கு அனுப்பினார். மருமகனும் நானும் அதை இரண்டு முறை கேட்டோம். அன்று பதிவு எத்தனை என்று அவன் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நம் அனைவரின் முயற்சிகளிலும் இக்லாஸையும், ஹலாலான வருவாயையும், பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.