யஷ்பாலின் இந்தியும் ஹார்பர் மாமாவின் தமிழும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் ‘டர்னிங் பாயிண்ட்’ என்றொரு அறிவியல் நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. தொகுத்து வழங்கியவர் கிரீஷ் கர்னாட். ஆனால் அன்று அதைப் பார்த்த பிள்ளைகளிடம் இன்று கேட்டால் கர்னாடை இரண்டாவதாகத்தான் சொல்வார்கள். முதலில் நினைவுக்கு வருபவர், நேயர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொன்ன பேராசிரியர் யஷ்பால். தலை நிறைய வெள்ளை முடி. கேள்வியைக் கேட்டதும் ஒரு சிரிப்பு. அப்புறம் யோசிக்க ஆரம்பிப்பார். கேமரா முன்னால் ஒருவர் யோசிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செய்தி வாசிப்பவர்கள் யோசிக்க மாட்டார்கள், மந்திரிகளும் யோசிக்க மாட்டார்கள்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. மனிதர் பேசியது இந்தியும் ஆங்கிலமும். எங்களுக்கு இரண்டும் வராது.

அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஹார்பர் மாமா. துறைமுகத்தில் வேலை, அதற்கு முன் பம்பாயில் பத்து வருஷம் இருந்தவர். தெருவில் டிவி இருந்த மூன்று வீடுகளில் ஒன்று அவருடையது. வாசற்படி வரை நாங்கள் உட்கார்ந்திருப்போம். யஷ்பால் இரண்டு நிமிஷம் பேசுவதை மாமா பத்து நிமிஷம் சொல்வார். “இன்னா சொல்றாருன்னா கண்ணு, பகல்லயும் நட்சத்திரம் அங்கியேதான் கீது. சூரியன் வெளிச்சம் காத்துல பட்டு செதறி வானம் முழுக்க பளிச்சுனு ஆயிடுது, அதான் நம்ம கண்ணுக்குத் தெரியல. கலங்கரை வெளக்கு பகல்ல எரிஞ்சா உனக்குத் தெரியுமா?” அந்தக் கலங்கரை விளக்கம் யஷ்பால் சொன்னதா, மாமா சேர்த்ததா என்று அன்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் மாமா சேர்த்ததாகத்தான் இருக்க வேண்டும். யஷ்பால் அதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. டிவியில் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்தை ஒட்டி. 1926இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஜங் என்ற ஊரில் பிறந்தவர். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார், எம்ஐடியில் முனைவர் பட்டம் வாங்கினார். 1973இல் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் முதல் இயக்குநர். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு, நாசாவிடம் இரவல் வாங்கிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு டிவி காட்டிய ‘சைட்’ பரிசோதனையை நடத்தியவர்களில் முக்கியமானவர். கோழிவலைக் கம்பியில் மூன்று மீட்டர் அகலக் குடை ஆண்டெனா செய்து, மின்சாரமே ஒழுங்காக எட்டாத ஊர்களில் பிள்ளைகளுக்குக் காலையில் நிகழ்ச்சி ஒளிபரப்பினார்கள். ஆந்திரா, கர்நாடகா, ஒடிசா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, தமிழ்நாடு இல்லை. அதே மாதம் 15ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அது நகரத்துக்கான டிவி. அவர்களுடையது கிராமத்துக்கானது.

அந்தத் திட்டத்தை ஒட்டியே குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் என்ற சிற்றூரில் ஒரு சின்ன ஒளிபரப்பு நிலையம் வைத்தார்கள். உள்ளூர் ஆட்களை வைத்து, உள்ளூர்ப் பிரச்சினைகளை, உள்ளூர் பாஷையில் எடுத்தார்கள். எனக்குச் செயற்கைக்கோளைவிட இது பெரிய விஷயமாகத் தெரிகிறது. வானத்திலிருந்து ஒரே குரலை நாடு முழுக்க இறக்குவது சுலபம், அதைத்தான் பிறகு எல்லா அரசுகளும் செய்தன. கேடா மாதிரி இன்னும் நூறு இடங்களில் நடந்திருந்தால் ஹார்பர் மாமாவுக்கு வேலையே இருந்திருக்காது. அல்லது அவரே டிவிக்குள் உட்கார்ந்திருப்பார்.

1995 அக்டோபர் 24 முழுச் சூரிய கிரகணத்தைச் சொல்லாமல் விட முடியாது. ராஜஸ்தானின் நீம் கா தானாவிலிருந்து வங்காளத்தின் டைமண்ட் ஹார்பர் வரை நிழல் ஓடியது. தூர்தர்ஷன் நேரடியாகக் காட்ட, யஷ்பால் பேசினார். எங்கள் தெருவில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. மாசமாக இருந்த அண்ணியை உள்ரூமில் வைத்துப் பூட்டாத குறை. ஊறுகாய் ஜாடி மேல் தர்ப்பை. மாமா வீட்டில் மட்டும் டிவி ஓடியது. ஆயா வாசலிலிருந்தே கத்தினார்: “டிவில பாத்தாலும் கண்ணு பூடும்டா!” மாமா கேட்கவில்லை. சூரியனின் விளிம்பில் அந்த வைர மோதிரம் தெரிந்தபோது டிவிக்குள்ளிருந்த பெரியவரின் குரலே மாறிப்போனது. அந்த இந்திக்கு மாமா மொழிபெயர்ப்பு சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை.

அமெரிக்காவில் ஃபிரெட் ராஜர்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1968 முதல் 2001 வரை குழந்தைகளுக்கான டிவி நிகழ்ச்சி நடத்தியவர். எஃகு ஆலைகளின் ஊரான பிட்ஸ்பர்கில்தான் அது தயாரானது. பயம், கோபம், பொறாமை பற்றியெல்லாம் பிள்ளைகளிடம் பேசுவார் என்பது எல்லாரும் சொல்வது. எனக்குப் பிடித்தது வேறு. கிரேயான் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு தொழிற்சாலையின் உள்ளே எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார். அதைப் பார்த்தபோது எனக்கு விம்கோ ஞாபகம் வந்தது. ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனி, பக்கத்து ரயில் நிலையத்துக்கே அதன் பேர்தான். எங்கள் தெருவில் பாதி அப்பாக்கள் அங்கே வேலை பார்த்தார்கள், என் அப்பாவும். ஆனால் குச்சியை ஏன் பெட்டியின் பக்கவாட்டில் மட்டும் உரச வேண்டும் என்று நான் படித்த பள்ளியில் கேட்டபோது “சிலபஸ்ல இல்ல, உக்காரு” என்பதுதான் பதில். பதில் சுருக்கமானதுதான்: சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியில் இருக்கிறது, பொட்டாசியம் குளோரேட் குச்சித் தலையில் இருக்கிறது, இரண்டையும் பிரித்து வைத்ததால்தான் அது ‘சேஃப்டி’ தீப்பெட்டி. இதைச் சொன்னது அப்பா. கம்பெனிச் சோறு சாப்பிட்ட மனிதருக்குத் தெரிந்தது புத்தகத்துக்குத் தெரியவில்லை.

யஷ்பாலின் பெயரில் நிலைத்த அறிக்கை இதைப் பற்றியதுதான். புத்தகப் பை சுமந்து பிள்ளைகள் கூன் விழுந்து நடப்பதைப் பற்றி ஆர். கே. நாராயண் மாநிலங்களவையில் பேசினார். நம்ம புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர் அவர். பிறகு மத்திய அரசு யஷ்பால் தலைமையில் ஒரு குழு போட, 1993இல் ‘சுமையற்ற கற்றல்’ அறிக்கை வந்தது. பையின் எடையைக் கிலோவில் அளந்து குறைக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். பையைவிடப் பெரிய சுமை, புரியாததை மனப்பாடம் செய்வது என்றது அறிக்கை. 2005 தேசியக் கலைத்திட்ட வரைவுக்கும் அவரே வழிகாட்டுக் குழுத் தலைவர். பள்ளிக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையோடு பாடத்தை இணைக்க வேண்டும் என்பது அதன் முதல் கொள்கை. அதே ஆண்டு, சத்தீஸ்கரில் பெட்டிக்கடை மாதிரி முளைத்த தனியார் பல்கலைக்கழகங்களை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்குப் போட்டவரும் இவர்தான். 2017 ஜூலை 24இல் இறந்தார், தொண்ணூறு வயதில். மாமா அதற்கு முன்பே போய்விட்டார்.

எர்ணாவூரில் ஒரு சங்கக் கட்டிடத்தில் வாரம் மூன்று நாள் மாலை வகுப்பு எடுக்கிறேன். பெரும்பாலும் ஏழாவது, எட்டாவது பிள்ளைகள். “கேள்வி கேளுங்க” என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பாடத்தின் பின்பக்கக் கேள்வியைத்தான் கேள்வி என்று பழக்கி வைத்திருக்கிறோம். இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் கேட்டாள்: “சார், எங்க மொட்டமாடில காயப்போட்ட துணியில சாம்பல் உழுதே, அது எங்கருந்து சார் வருது?”

புகைபோக்கியைக் காட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். யஷ்பால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். அவளையே கேட்டேன்: “கரி எரிஞ்சா எல்லாம் புகையாப் போயிடணும்ல, சாம்பல் ஏன் மிஞ்சுது?” அடுத்த வகுப்புக்குத் துறைமுகச் சாலையில் லாரியிலிருந்து விழுந்த நிலக்கரியைப் பொறுக்கி வந்தார்கள். மளிகைக் கடைக்காரர் தராசு தர மறுத்தார். மீன் விற்கும் அக்கா ஒருவர் தந்தார், “கழுவிக் குடுத்துரணும்” என்ற நிபந்தனையோடு. அரைக் கிலோ நிலக்கரியைச் செங்கல் அடுப்பில் முழுசாக எரித்தோம். இன்னோர் அடுப்பில் அதே எடைக்கு இஸ்திரிக்கடை அடுப்புக்கரி. அடுப்புக்கரியில் மிஞ்சியது ஒரு பிடி. நிலக்கரியில் இருநூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பிள்ளைகளுக்கு நம்பிக்கை வராமல் திரும்பவும் நிறுத்தார்கள்.

நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே எரியாத மண்தான் என்று அப்போது சொன்னேன். ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டி, ரயிலில் பாரதீப்புக்கும் அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் வருவதையும், இங்கே எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குட்டைக்குத் தள்ளுவதையும் போர்டில் வரைந்தேன்.

“அப்ப எங்கம்மா துணியில கெடக்கிறது ஒடிசா மண்ணா சார்?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன், “அங்கியே கழுவிட்டு ஏத்தலாம்ல?” என்றான். கழுவும் ஆலைகள் இருக்கின்றன, அதற்குச் செலவாகும், கழுவினாலும் எல்லா மண்ணும் போகாது என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

“கழுவுன தண்ணிய எங்க சார் உடுவாங்க?” என்றாள் சாம்பல் கேட்ட பெண்.