மூடப்பட்ட துறைகள்

எமது பாடசாலைக் கணினி நூல்கள் 'துறை' என்றொரு சொல்லை ஆள்கின்றன. கணினியின் விளிம்பில் வடங்களைச் செருகுவதற்கென அமைந்த வாயிலே அது. தோணி வந்தணையும் இடத்துக்குரிய பழஞ்சொல்லை இதற்கு இட்டவர் யாராயினும் பாராட்டுக்குரியவர். துறை அடைபட்டால் தோணி நடுநீரில் நிற்க வேண்டியதுதான். மடிக்கணினிகளில் இத்துறைகள் ஒவ்வொன்றாக மறைந்து வருவது ஊவாவின் தோட்டப்புறத்திலிருந்து நோக்குமிடத்து எவ்வாறு தோன்றுகின்றது என்பதனையே ஈண்டு எழுத விழைகின்றேன்.

பசறைக்கு அப்பாலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் என் அக்கா ஆசிரியையாகப் பணிபுரிகின்றார். அங்கு நன்கொடையாக வந்த புரொஜெக்டர் ஒன்று உண்டு. விஜிஏ எனப்படும் பதினைந்து துளைத் துறையை மட்டுமே அது அறியும். 1987இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகம் செய்த முறை அது. 2010 டிசெம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ முதலிய நிறுவனங்கள் கூடி, 2015 அளவில் அதனைக் கைவிடப் போவதாக அறிவித்தன. அவ்வறிவித்தலைப் பசறையில் எவரும் வாசித்திருக்க நியாயமில்லை.

2022இல் கொழும்பிலுள்ள மாமா தாம் பயன்படுத்திய மடிக்கணினியை எனக்குத் தந்தார். அதன் மெல்லிய விளிம்பில் யூஎஸ்பி-சி துளைகள் இரண்டே இருந்தன. சாதாரண தர மாணவருக்கு இதயத்தின் இயக்கத்தைத் திரையிற் காட்ட வேண்டுமென அக்கா அதனைக் கேட்டபோது, இணைப்பி தேடிப் பதுளைக் கடைவீதிக்குச் சென்றேன். "தம்பி, வெறும் வயர் சரிவராது. உள்ளுக்குச் சிப் இருக்கணும்" என்றார் கடைக்காரர். உண்மைதான். புதிய துறை தருவது எண்முறைச் சமிக்ஞை. பழைய கருவி ஏற்பதோ ஒப்புமைச் சமிக்ஞை. இடையே அதனை மாற்றித்தர ஒரு சில்லு வேண்டும். அவ்வாண்டு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியிருந்தது. அம்மாவின் நாட்சம்பளமோ 2021இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா. அவர் நான்கு நாள் கொழுந்து பறித்த கூலி, விரல் நீள இணைப்பி ஒன்றுக்குச் சென்றது.

உற்பத்தியாளர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. தடித்த துறை இருப்பின் கணினி மெலியாது. எல்லாவற்றுக்கும் ஒரே வடம் என்பதும் நல்ல இலட்சியமே. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதனைச் சட்டமாகவே ஆக்கியது. ஆயினும், 2016இல் தன் மக்புக் புரோவிலிருந்து எச்டிஎம்ஐ துறையையும் நினைவக அட்டைத் துளையையும் அகற்றிய அப்பிள் நிறுவனம் 2021இல் அவற்றை மீண்டும் வைத்தது. ஒளிப்படக்காரரும் திரைப்படத் தொகுப்பாளரும் ஐந்தாண்டுகள் முறையிட்டு வந்தனர். அவர்கள் அடுத்த கணினியையும் வாங்கக்கூடியவர்கள். எமது ஆசிரியர்கள் வாங்குவதோ பிறர் கழித்ததை. விற்பனைக் கணக்கில் இடம்பெறாதவரின் முறைப்பாடு எவர் செவிக்கு எட்டும்? இதில் வேடிக்கை யாதெனில், துறை நீக்கப்பட்ட அவ்வாண்டுகளின் கணினிகளே பழைய பொருட் சந்தை வழியாக இன்று எம்மை வந்தடைகின்றன. செல்வருக்குத் துறை மீண்டுவிட்டது. மூடிய துறை மலையேறி எம்மிடம் வருகின்றது.

மின்செருகி விடயத்தில் இந்நாடு வேறு வழியிற் சென்றது. சதுர முனையுடைய 13 அம்பியர் செருகியையே தேசியத் தரமாகக் கொள்வதெனப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு தீர்மானித்தபோது, வீடுகளிலுள்ள வட்டத்துளைகளை மாற்ற ஆண்டுக்கணக்கில் அவகாசம் அளிக்கப்பட்டது. லயன் காம்பராவின் ஒற்றை வட்டத்துளையை மறுநாளே பிடுங்கியெறியுமாறு எவரும் கூறவில்லை. மடிக்கணினிக்கு அத்தகைய தவணை இல்லை. இந்த ஆண்டு இருந்த துறை அடுத்த ஆண்டு இல்லை.

அந்த இணைப்பி இப்போது பாடசாலை அலுமாரியில் பூட்டப்பட்டிருக்கின்றது. கையொப்பமிட்டே பெறவேண்டும். மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்து ஆசிரியர்கள் தம்மிடம் வந்து, தடித்த பழைய கணினியே வேண்டுமெனக் கேட்பதாகக் கடைக்காரர் கூறுகின்றார். அத்தகையவற்றுக்கு அவர் இப்போது சற்று விலையேற்றியும் இருக்கின்றார்.