பெருங்காமநல்லூருக்கு ஒரு சட்டம்

கப்பலூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது திருமங்கலத்துக்காரர்களுக்கு வரும் கோபம் ஊரறிந்தது. பக்கத்தில் இருக்கும் மதுரைக்குப் போய்வரக் காசு கட்ட வேண்டுமா என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நூறாண்டுகளுக்கு முன் இதே திருமங்கலம் தாலுகாவின் மேற்குக் கிராமங்களில் பிறந்த ஓர் ஆண், பக்கத்து ஊர்ச் சம்பந்தி வீட்டுக்குப் போவதென்றாலும் கையில் சீட்டு வேண்டும். ராதாரிச் சீட்டு என்பார்கள். எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். பத்து விரல் ரேகையும் போலீஸ் புத்தகத்தில் பதிந்திருக்க வேண்டும். அவன் திருடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிறமலைக்கள்ளர் குடும்பத்தில் பிறந்திருந்தால் போதும்.

இதற்கு இடம் கொடுத்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல் வட இந்தியாவுக்கென்று இயற்றப்பட்டு, 1911-ல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. மதுரைப் பக்கம் 1914-ல் முதலில் சிக்கியது கீழக்குயில்குடி கிராமம். சில ஆண்டுகளுக்குள் பிறமலைக்கள்ளர் நாடு முழுவதும் வலை விரிந்தது. மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள்.

இன்று பேரையூர் வட்டத்தில் சேடபட்டி ஒன்றியத்தைச் சேர்ந்த பெருங்காமநல்லூர், ரேகை வைக்க மறுத்தது. நாங்கள் உழுது பிழைக்கிறவர்கள், எங்களை ஏன் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கிறீர்கள் என்பதுதான் ஊரின் வாதம். 1920 ஏப்ரல் 3 அன்று, அதிகாரிகளும் ஆயுதப் போலீசும் பதிவுப் புத்தகங்களோடு ஊருக்குள் வந்தனர். அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் திரண்டனர். பேச்சு முற்றியது, துப்பாக்கிகள் வெடித்தன. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டதாக இங்கே நினைவுகூர்கிறார்கள்; எண்ணிக்கையில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன இடத்தில்தான் மாயக்காள் கொல்லப்பட்டார் என்கிறது ஊர் வழக்கு. சடலங்களை மாட்டுவண்டிகளில் ஏற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய் ஒரே குழியில் புதைத்தார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் நீதிமன்றத்துக்கு நடத்தியே கூட்டிச் சென்றார்கள்.

அவர்களுக்காக வாதாடியவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்து மதுரையில் தொழில் செய்த இந்த மலையாளக் கிறிஸ்தவரை மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று செல்லமாக அழைத்தார்கள். பின்னாளில் முத்துராமலிங்கத் தேவரும் பி. ராமமூர்த்தியும் சட்டத்தை எதிர்த்துப் பேசினார்கள், போராடினார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-லும் அது ஒழிந்தது.

சுடப்பட்டு இறந்தவர்களுக்குப் பெருங்காமநல்லூரில் நினைவுத் தூண் இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரல் 3 அன்றும் மாலை போடுகிறார்கள், கட்சிக் கொடிகளோடு கார்கள் வரும், அடுத்த நாள் போய்விடும். ஊர் காப்பாற்றிவரும் இந்த நினைவுக்குத் தேசத்தின் அங்கீகாரம் வேண்டும் என்பதே என் கட்சி. எந்த வழியில் என்பதுதான் சிக்கல்.

தொல்லியல் துறையிடம் போனால் கதவு திறக்காது. 1958-ம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி ஒரு சின்னம் குறைந்தது நூறாண்டுப் பழமை உடையதாக இருக்க வேண்டும். நிகழ்ச்சிக்கு நூறு வயது தாண்டிவிட்டது, தூணுக்கு ஆகவில்லை. இந்த விதி எவ்வளவு விசித்திரமாக வேலை செய்கிறது என்று பார்க்கக் கீழக்குயில்குடிக்கே போகலாம். அங்குள்ள சமணர் மலையின் செட்டிப்புடவுத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையவை. மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த மலையடிவாரத்து மக்கள்தான் மதுரையில் முதன்முதலாகப் பிறவிக் குற்றவாளிகள் ஆக்கப்பட்டவர்கள். பாறை வரலாறு ஆகிவிட்டது, பாறையடியில் வாழ்ந்தவர்கள் ஆகவில்லை.

அப்படியானால் வேறு வழி இல்லையா? இருக்கிறது. ஜாலியன்வாலா பாக் தொல்லியல் துறையின் வழியாகத் தேசிய நினைவிடம் ஆகவில்லை. 1951-ல் நாடாளுமன்றம் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 1961 ஏப்ரல் 13 அன்று ராஜேந்திர பிரசாத் நினைவிடத்தைத் திறந்து வைத்தார். பெருங்காமநல்லூரைத் ‘தென்னகத்து ஜாலியன்வாலா பாக்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்தச் சட்டத்தை முன்மாதிரியாகக் காட்டிக் கேட்பதில்லை. எனக்கு அந்தப் பட்டப்பெயரே உவப்பில்லை. அமிர்தசரஸில் சுடப்பட்டவர்கள் கூட்டம் கேட்கவும் திருவிழாவுக்கும் வந்தவர்கள். இங்கே சுடப்பட்டவர்கள், பிறப்பைக் குற்றமாக்கும் புத்தகத்தில் விரல் பதிக்க மாட்டோம் என்று நேருக்கு நேர் சொன்னவர்கள். இரவல் பெயர் இல்லாமலே நிற்கக்கூடிய சேதி இது.

சின்னஞ்சிறு ஊரின் துயரத்தை ஒரு நாடு எப்படித் தன்னுடையதாக ஏற்றது என்பதற்குப் பிரான்சின் இசியூ கிராமம் நல்ல எடுத்துக்காட்டு. லியோன் நகருக்குக் கிழக்கே, ரோன் ஆற்றைப் பார்த்த மலைச்சரிவில் ஒரு பெரிய வீடு. சபீன் ஸ்லாட்டின் என்ற பெண்மணி 1943-ல் அங்கே யூதக் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். 1944 ஏப்ரல் 6 அன்று, ஜெர்மன் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டாப்போவின் லியோன் பிரிவைச் சேர்ந்த கிளாவ்ஸ் பார்பி அனுப்பிய ஆட்கள் காலையில் வந்து 44 குழந்தைகளையும் அவர்களைக் கவனித்துக்கொண்ட 7 பேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அன்று வெளியூர் போயிருந்ததால் சபீன் தப்பினார். குழந்தைகளில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பெரியவர்களில் ஒரே ஒரு பெண் பிழைத்தார்.

1946-ல் அந்த வீட்டில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அப்புறம் நாற்பது ஆண்டுகள், உள்ளூரும் உறவினர்களும் நினைத்தால்தான் உண்டு. 1987-ல் பார்பி லியோன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, குழந்தைகளைப் பிடித்துவிட்டதாகப் பாரீசுக்கு அவன் அனுப்பிய தந்தியே அவனுக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது. அடுத்து ஒரு சங்கம் வீட்டை வாங்கியது. 1993 பிப்ரவரியில் அதிபர் மித்தரான் பிறப்பித்த ஆணை மூன்று இடங்களைத் தேசிய நினைவிடங்களாகக் குறித்தது. ஒன்று பாரீசில் யூதர்களை அடைத்து வைத்த சைக்கிள் பந்தய மைதானம் இருந்த இடம், இன்னொன்று கூர்ஸ் என்ற ஊரில் இருந்த தடுப்பு முகாம், மூன்றாவது இந்தக் கிராமத்து வீடு.

அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற இனப்படுகொலையையும் ஒரு நாள் துப்பாக்கிச்சூட்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இரு தரப்புக்கும் அநீதி. அளவும் நோக்கமும் வேறு. இசியூவிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. பாரீசில் யூதர்களை வீடு வீடாகப் பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ். கூர்ஸ் முகாமை நடத்தியதும் பிரெஞ்சு அரசு நிர்வாகம். ஆகவே அந்த ஆணை, அயலான் செய்ததோடு தன் அரசு செய்ததையும் பிரான்சை நினைக்கவைத்தது.

நம் தயக்கம் இங்கேதான் தொடங்குகிறது. வெள்ளைக்காரன் சுட்டான் என்று சொல்வது எளிது. சுதந்திரம் வந்த பிறகும் பழைய பதிவேட்டின் நிழல் போகவில்லை என்பதைச் சொல்வது சங்கடம். சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் போன மறு ஆண்டே, 1948-ல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. சிறை விதிகளில் சீர்மரபினரை, அதாவது குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சமூகத்தினரை, பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் வாசகங்கள் தொடர்ந்து இருந்ததை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் கண்டித்து நீக்கச் சொன்னது. தேசிய நினைவிடம் என்றால் இந்தப் பக்கங்களும் அங்கே காட்சிக்கு வர வேண்டும். வராவிட்டால் அது இன்னொரு மாலை மரியாதைக் கூடம்தான்.

சாதிச் சின்னமாகச் சுருங்குவதும் ஆபத்து. ரேகைச் சட்டம் பிறமலைக்கள்ளரை மட்டும் தொட்டதல்ல. குறவர், மறவர் என்று தமிழகத்திலேயே பல சமூகங்கள் அதில் சிக்கின. வடக்கே சான்சி, பார்தி மக்கள் உண்டு. பெருங்காமநல்லூரின் தூண் இவர்கள் அத்தனை பேருக்குமானது என்று நாடாளுமன்றச் சட்டம் சொன்னால்தான் ‘தேசிய’ என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கும்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. தூண் நிற்கும் இடம், உசிலம்பட்டியில் உடல்கள் புதைக்கப்பட்ட இடம், திருமங்கலம் நீதிமன்றத்துக்கு நடத்திச் சென்ற பாதை, கீழக்குயில்குடி ஆகியவற்றை ஒரே நினைவுச் சின்னமாகக் குறிக்கலாம். ஆவணக் காப்பகத்தில் உள்ள அரசாணைகளையும் காவல் நிலையங்களில் மிஞ்சியிருக்கும் ரேகைப் புத்தகங்களையும் நகலெடுத்து ஊரில் வைக்கலாம். பெயர்களை மட்டும் மூடிவிட வேண்டும். பதிவான குடும்பங்களை மறுபடி அடையாளம் காட்டக்கூடாது.

மதுரை, தேனி, விருதுநகர் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூவரும் கட்சி பாராமல் இதற்கொரு தனிநபர் மசோதாவில் கையெழுத்திட வேண்டும். வரும் ஏப்ரல் 3 அன்று மாலையோடு வருகிறவர்களிடம் மசோதாவின் நகலை ஊரார் கேட்டு வாங்கட்டும்.