கல் பேசியதைக் கேட்டவர்கள்

பூமிக்கு அடியில் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதைச் சுரங்கப் பொறியியல் புத்தகங்கள் ‘ராக் பர்ஸ்ட்’ என்கின்றன. தங்கவயல்காரர்களான எங்களுக்கு அது ஏர் பிளாஸ்ட். வெள்ளைக்காரன் வைத்த பேர்தான். கல் வெடிக்கிறபோது காற்று அலறிக்கொண்டு வந்து ஆளைத் தூக்கி அடிக்கும், அதனால் அந்தப் பேர். மைசூர் அரசின் நிலவியல் துறையில் இருந்த ஸ்மீத் 1904-லேயே இதைப் பற்றித் தனி அறிக்கை எழுதினார். 1912-ல் தங்கவயலில் நில அதிர்வுமானி வைத்தார்கள். 1978-ல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து வயல் முழுவதும் கருவிகளைப் பரப்பினார்கள். 1988-ல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனமே அங்கே வந்தது. ஆக, கோலாரில் பாறைக்கு நாடி பிடித்துப் பார்க்கிற வேலை நூறு வருஷத்துக்கு மேலாக நடந்திருக்கிறது. உலகத்தில் வேறு எத்தனை சுரங்கங்களுக்கு இந்தப் பெருமை உண்டு?

இந்த ஆய்வுகளை நான் படிக்க ஆரம்பித்தது சுரங்கப் பொறியியல் மாணவனாகப் போன பிறகு. என் நைனா சாம்பியன் ரீஃபில் டிம்பர்மேன். தோண்டிய இடம் இடிந்து விழாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. தாத்தா அதே சுரங்கத்தில் துளைபோடுகிறவர். வட ஆற்காட்டில் ஊர்க்காரன் நிலத்தில் பண்ணையாளாகக் கிடந்த குடும்பம். கங்காணி வந்து கூப்பிட்டான், போனார்கள். எங்களைப் போலவே சித்தூர், சேலம் பக்கமிருந்து வந்த பறையர் குடும்பங்கள்தான் அங்கே பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர். மேலே ஆங்கிலேயன், அவனுக்குக் கீழே ஆங்கிலோ இந்தியனும் இத்தாலிக்காரனும், காவலுக்குப் பஞ்சாபி. சாதியை விட்டு ஓடி வந்தவர்களுக்கு அங்கே ஆழத்தைக் கொடுத்தார்கள். சும்மா ஆழம் அல்ல, 3.2 கிலோமீட்டர். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடிமட்டத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல்.

ஏர் பிளாஸ்ட் ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் எட்டாயிரம் டன் பாறை உட்கார்ந்திருக்கிறது. தங்கம் இருக்கிற வெள்ளைக் கல் பட்டையை வெட்டி எடுத்தால் அங்கே ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டை தாங்கிக்கொண்டிருந்த பாரம் எங்கே போகும்? பக்கத்தில் வெட்டாமல் விட்ட தூண்களின் மேலும் ஓரங்களின் மேலும் ஏறும். கோலாரின் பாறை களிமண் மாதிரி நசுங்கிக் கொடுக்காது. கெட்டியானது, நொறுங்குகிற ஜாதி. வளைத்த மூங்கில் மாதிரி விசையைத் தனக்குள்ளே சேர்த்துவைத்துக்கொள்ளும். ஒரு நாள் தாங்காமல் வெடிக்கும். முதலில் மரத்தைத்தான் முட்டுக் கொடுத்தார்கள். பிறகு கருங்கல்லை அடுக்கிச் சுவர் கட்டினார்கள். கடைசியில் வெட்டிய இடத்தைக் கான்கிரீட்டால் நிரப்பினார்கள். கான்கிரீட் வந்த பிறகு வெடிப்புகள் குறைந்தன என்று ஆய்வுகள் சொல்கின்றன. உண்மைதான். அந்த ஆராய்ச்சியால் உயிர்கள் பிழைத்தன, அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அந்தக் கட்டுரைகளை வாசிக்கிறபோது ஒரு பறையன் மகனுக்கு வயிறு எரியாமல் இருக்காது. வெடிப்பு நடந்த தேதி இருக்கும், நேரம் இருக்கும், எந்த லெவல், எத்தனை அடி சுரங்கப்பாதை சேதம், எத்தனை மரச்சட்டம் முறிந்தது, எல்லாம் இருக்கும். மனுஷன் இருக்க மாட்டான். இருந்தால் ஓர் எண்ணாக இருப்பான். சரி, அறிவியல் கட்டுரை ஒப்பாரி வைக்காது, ஒத்துக்கொள்கிறேன். செத்தவனைத்தான் பேர் சொல்லவில்லை, உயிரோடு இருந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் அவனுக்குத் தெரியும். நைனா வேலைக்கு இறங்கினால் முதல் காரியம் கடப்பாறையால் மேற்கல்லைத் தட்டிப் பார்ப்பது. ‘டங்’கென்றால் கல் உறுதி. ‘டொப்’பென்றால் உள்ளே பிளவு. இது உலகத்துச் சுரங்கக்காரன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேலும் ஒன்று சொல்வார்:

“கல்லு பேசும்டா. பொட்டு பொட்டுனு, கடுகு வெடிக்கிற மாதிரி. பேசிக்கினே இருந்தா பயமில்ல. பேசிக்கினு இருந்த கல்லு பொசுக்குனு வாய மூடிக்கிச்சுன்னு வையி, சாமானையெல்லாம் அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்துடணும்.”

மரத்தைப் பற்றியும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. “மரம் சொல்லிட்டு உடையும், இரும்பு சொல்லாம உடையும்.” முட்டுக்கொடுத்த மரம் முனகுகிற சத்தத்தில் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். எலிகள் ஓர் இடத்தைக் காலி செய்தால் அங்கே ஆளும் நிற்கக்கூடாது.

இதே சங்கதியை அமெரிக்க சுரங்கப் பணியகத்தின் ஓபர்ட், துவால் என்ற இருவர் 1930-களின் கடைசியில் கண்டுபிடித்ததாகப் பாடப்புத்தகத்தில் படித்தேன். பாறைக்குள் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கப் போனார்கள். அவர்கள் ஒலி எழுப்பாமலே கருவி துடித்தது. என்னவென்று பார்த்தால், பாரம் ஏறிய பாறை தானாகவே நுண்ணிய சத்தங்களைப் போடுகிறது. அதிலிருந்து ஒரு பெரிய ஆய்வுத் துறையே வளர்ந்தது. பூமிக்கடியில் ஒலிவாங்கிகளை நட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை சத்தம் என்று எண்ணுகிறார்கள். எண்ணிக்கை ஏறி, பிறகு சட்டென்று அடங்கினால் சில சமயம் வெடிப்பு வரும் என்றும் எழுதுகிறார்கள். கருவி வைத்து எண்ணியது பெரிய காரியம். காதால் கேட்பதற்கும் எண்ணி நிரூபிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனாலும் ஒரு கூட்டத்தின் காதுக்கு வந்தது பட்டறிவு என்ற பேர்கூட இல்லாமல் போனது, இன்னொரு கூட்டத்தின் கருவிக்கு வந்தது மட்டும் கண்டுபிடிப்பு ஆனது எப்படி?

வகுப்பில் இதைச் சொன்னேன். நைனா சொன்னதை அப்படியே, கடுகு வெடிக்கிற உவமை உட்பட. பேராசிரியர் சிரித்தார். “உங்க ஆளுங்க உள்ளே போறதுக்குக் காலேஜ் எதுக்குப்பா, கடப்பாறை போதுமே” என்றார். வகுப்பே சிரித்தது. இட ஒதுக்கீட்டில் வந்தவன் என்பது அட்டெண்டன்ஸ் எடுக்கிற முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். பூணூலோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவனுடைய தகப்பனாவது ஒரு நாளாவது கேஜில் இறங்கியிருப்பானா? அந்தக் கல்லூரியின் பேர் இங்கே வேண்டாம். எல்லாக் கல்லூரியும் அதுதான்.

காது மட்டும் அல்ல, எங்கள் நெஞ்சும் கருவியாகத்தான் இருந்தது. வெள்ளைக் கல் என்பது சிலிக்கா. தண்ணீர் விடாமல் துளை போட்ட காலத்தில் அந்தத் தூசி நேராக நுரையீரலுக்குப் போனது. கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் உள்ளே போய்த் தங்கித் தழும்பாகிறது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் ஆய்வாக வெளிவந்ததே கோலாரிலிருந்துதான், 1947-ல். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோய். மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்தக் கணக்கைப் பாடத்தில் படிக்கிறார்கள். என் தாத்தா அந்த நூற்றில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. டி.பி. என்று சொல்லித்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

அந்த ஆழம் வேறு அறிவியலுக்கும் உதவியது. 1965-ல் சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடத்தை டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் விஞ்ஞானிகள் பிடித்தார்கள். அதே வருஷம் அதே காரியம் தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்திலும் நடந்தது. அங்கே குழி தோண்டியவன் கறுப்பன், இங்கே பறையன்.

தோண்டியவனுக்கு எழுத்து தெரியாது என்று யாராவது நினைத்தால் அதற்கும் பதில் இருக்கிறது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அயோத்திதாசர் காலத்திலேயே சாக்கிய பௌத்த சங்கம் இருந்தது. நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926-ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்துதான் மறுபடியும் கொண்டுவந்தார். அயோத்திதாசர் எழுத்துகளைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கேதான் அச்சிட்டது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் காசு போட்டு நடத்திய காரியங்கள் இவை. கைரேகை வைத்துப் பதிவு செய்யச் சொன்னதற்காக 1930-ல் வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்கள்தான். பத்திரிகை நடத்தத் தெரிந்த சனத்திடம், கல் எப்படிப் பேசியது என்று எழுதித் தாங்கடா என்று எந்த நிபுணர் குழுவும் கேட்கவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது வருஷத்தில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். மிச்சம் வைத்துவிட்டுப் போனது சயனைடு மலைகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு கொட்டிய சக்கை அது. பதின்மூன்று மேடுகள், 3 கோடி டன்னுக்கு மேல். காற்றுக் காலத்தில் அந்த மாவு லைன் வீடுகளுக்குள் வந்து சோற்றில் விழும். இப்போது அந்தச் சக்கையிலும் தங்கம் இருக்கிறது என்று கணக்கு. டன்னுக்கு ஒரு கிராம்கூட இல்லை, ஆனாலும் இன்றைய விலைக்குக் கட்டுபடியாகுமாம். அதை மறுபடி எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மேட்டைத் துளைத்து மாதிரி எடுத்து, எத்தனை கிராம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். மேட்டின் அடியில் குடியிருக்கிறவர்கள் நெஞ்சையும் அதோடு சேர்த்து எக்ஸ்ரே எடுங்கள் என்று கேட்டால் அது வேறு டிபார்ட்மெண்ட் என்கிறார்கள்.

சில வருஷமாக நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உள்ளே வேலை பார்த்தவர்களைத் தேடிப் போய், கல் போட்ட சத்தங்களை அவரவர் பேச்சிலேயே எழுதி வாங்குகிறேன். இதுவரை பதினேழு பேர். ஒருவர் சொன்ன சத்தத்தை இன்னொருவர் இல்லை என்கிறார், சண்டையும் நடக்கிறது. எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். மாரிகுப்பத்தில் ஒரு பெரியவரைப் பார்க்க வேண்டும். முப்பது வருஷம் மெஷின் பிடித்தவர். “அப்பாவுக்குக் காது சுத்தமா கேக்காதுண்ணா, கேள்விய எழுதிக் காட்டணும்” என்றாள் அவர் மகள். “ஆனா கல்லு எப்பிடிச் சத்தம் போட்டுச்சுன்னு கேட்டா, மேசையில தட்டிக் காட்டுவாரு.”