உள்ளே விட்ட துணி

புது பிளவுஸ் தைக்க எனக்கு இரண்டு மணி நேரம் போதும். பழையதைப் பிரித்துத் தைக்கச் சொன்னால்தான் யோசிப்பேன். "பிரிச்சு விடத்தானே சொல்றேன், அதுக்கு அறுபது ரூபாயா?" என்பார்கள். பத்து வருஷம் வியர்வை பட்ட பட்டு, தையல் ஓடிய இடத்தில் ஊசித் துளைகளோடு இற்றுப் போயிருக்கும். நூலை வெடுக்கென்று இழுத்தால் துணியும் கூடவே வரும். பிளேடு முனையால் நாலு தையலுக்கு ஒரு தையல் அறுத்து, மறுபக்கத்து நூலை மெல்ல உருவ வேண்டும். அவசரக்காரிக்கு ஆகாத வேலை.

என் நெஞ்சையும் அடுத்த செவ்வாய்க்கிழமை இப்படித்தான் பிரிக்கப் போகிறார்கள். இரண்டாம் முறை.

சின்ன வயதில் தொண்டைவலியும் மூட்டுவலியுமாக வந்த ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. 2008இல், என் முப்பதாவது வயதில், முதல் ஆபரேஷன். கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. மாமியாரின் இரட்டை வடச் சங்கிலி போனது. (அதை மட்டும் அவர் இன்றுவரை சொல்லிக் காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுவார்.) டாக்டர் இரண்டு வழி சொன்னார். உலோக வால்வு நெடுநாள் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை, அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. மாட்டின் இதய உறையில் செய்த வால்வு என்றால் பிள்ளை பெறலாம். பத்துப் பதினைந்து வருஷத்தில் நைந்துபோய் மறுபடி திறக்க வேண்டி வரும். எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், மடி காலி. "மாடே இருக்கட்டும்" என்றேன்.

எந்த பிளவுஸிலும் பக்கவாட்டில் ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே விட்டுத்தான் தைப்போம், உடம்பு போட்டால் பிரித்துவிட. திரும்பி வருவார்கள் என்று தெரிந்தே தைக்கிறோம். அதனால் இரண்டாவது ஆபரேஷன் என்றதும் நான் திடுக்கிடவில்லை. தேதி போடாமல் வாங்கிய கடன். அந்தக் கடனில் வந்தவளுக்கு இப்போது பதினைந்து வயது. ஹெம்மிங்கும் கொக்கியும் அவள் கைதான்.

பயம் இருக்கிறது. முதல் தடவைக்குப் பின் இதயம் நெஞ்செலும்பின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், எலும்பைக் கட்டிய கம்பிகளை வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக விலக்கித்தான் உள்ளே போக முடியும் என்றார் டாக்டர். "பிரிக்கிறதுதான் பெரிய வேலை, இல்லீங்களா?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை உலோக வால்வு. டிராயரிலிருந்து அதன் மாதிரி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையம் உருவாக்கியது, 1990இலிருந்து வைக்கிறார்களாம். உலோக வளையத்துக்குள் ஒரு தட்டு சாய்ந்து சாய்ந்து திறந்தது. என் கண் போனது வளையத்தைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில். பின்னிய பாலியெஸ்டர். நகத்தால் நெருடினேன், நல்ல இறுக்கம். அந்தத் துணியில்தான் தையல் விழுமாம், ஒரே நூலின் இரண்டு முனையிலும் வளைந்த ஊசி! முப்பது வருஷத் தொழிலில் அப்படியொன்றை நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரி வெகுநேரம் அந்த ஊசியையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

ரத்தம் கொடுக்க ஆள் திரட்டுவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. இனி ஊசி குத்தினால் ரத்தம் சட்டென்று நிற்காது என்று கேட்டதும் கடைத்தெருவுக்குப் போய், விரலில் மாட்டும் உலோகத் தொப்பி வாங்கி வந்தார். பத்து விரலுக்கும் பத்து.

மாமியார் கதை வேறு. ஒவ்வொரு மாட்டுப் பொங்கலன்றும் கொட்டிலில் படைத்துவிட்டு வந்து, என் முன்னால் ஒரு துண்டு வாழையிலை போட்டு ஒரு பிடி பொங்கல் வைப்பார். எனக்குள் இருக்கும் மாட்டுக்காம். நான்தான் சாப்பிட வேண்டும். நேற்று கொக்கி தைத்துக்கொண்டே மகள் அவரைச் சீண்டினாள்.

"அப்பாயி, அம்மாவுக்கு இனிமே இரும்பு வால்வு. வர்ற பொங்கலுக்கு அந்தச் சின்ன இலை கிடையாதுல்ல?"

"ஏண்டி கிடையாது? பதினேழு வருஷம் உழைச்ச மாடு. வண்டியிலேர்ந்து அவுத்துவிட்டா சோறு போட மாட்டியா?"