மாரிகுப்பத்து முதியோர்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் பங்காரப்பேட்டை ஒரு சந்திப்பு. அங்கிருந்து பிரிந்து செல்லும் சிறு கிளைப்பாதை 1894ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சுரங்கங்களின் பெயர்களையே தாங்கி நிற்கும் நிலையங்களைக் கடந்து, ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில் அப்பாதை முடிந்துவிடுகிறது. அது முடியும் இடமே மாரிகுப்பம். அதற்கு அப்பால் வண்டி செல்ல வழியில்லை. இறங்கியவுடன் கண்ணில் படுவன, தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சாம்பல் நிறக் கழிவு மேடுகள். ஊரார் இவற்றைச் சயனைடு மலை என்பர். காற்று வீசும் நாட்களில் அம்மேடுகளிலிருந்து மெல்லிய தூசி எழுந்து வீடுகளின் மேல் படிகிறது.

கன்னட நாட்டின் எல்லைக்குள் அமைந்திருப்பினும் தங்கவயல் தமிழர் உழைப்பால் எழுந்த ஊராகும். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக வந்து குடியேறின. சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902இல் மின்சாரம் முதன்முதல் இங்கேதான் வந்தது; பெங்களூர் நகரம் அதற்காக 1905 வரை காத்திருக்க நேர்ந்தது! விளக்கு முதலில் எரிந்தது தொழிலாளர் குடிசையில் அன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திற்கு இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் பாறையே கொதிக்கும். அந்தக் கொதிப்பில் நின்று நம்மவர் பாறை குடைந்தனர். 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் எல்லாம் மூடப்பட்டன.

நிற்க. சுரங்கம் மூடிய பின்னரும் இருப்புப்பாதை மூடவில்லை. இன்று அதிகாலையில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் வண்டிகள் ஆயிரக்கணக்கான இளைஞரையும் மகளிரையும் பெங்களூருக்கு வேலைக்கு ஏற்றிச் செல்கின்றன. இரவில் அவர்கள் மீள்கின்றனர். பலர் மீளாமல் நகரத்திலேயே தங்கிவிட்டனர். சிலர் கடல் கடந்தும் சென்றுவிட்டனர். பகல் வேளையில் லைன் வீடுகள் இருக்கும் தெருக்களில் நடந்தால் திண்ணைதோறும் முதியவர்களைக் காணலாம். அவர்களுள் ஒருவரோடு சிறிது நேரம் அமர்ந்து உரையாடினேன். நான்கு சொல் பேசுவதற்குள் இருமுறை மூச்சு வாங்கினார்.

"தம்பி, கீழே இறங்கும்போது எங்களை எண்ணி அனுப்புவார்கள், மேலே ஏறும்போதும் எண்ணித்தான் வாங்குவார்கள். ஓர் ஆள் குறைந்தால் விடமாட்டார்கள். இப்போது நான் இந்த அறையில் விழுந்து கிடந்தால் இரவு வண்டி வரும்வரை எவருக்குத் தெரியும்?" என்றார்.

அவர் சொன்னது சட்டத்திலும் உள்ள செய்தியே. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி, எந்த நேரத்திலும் நிலத்தடியில் யார் யார் இருக்கின்றனர் என்று காட்டும் பதிவேடு இருக்க வேண்டியிருந்தது. 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிகளோ, வெளியேறுவதற்கு ஒரு வழி மட்டும் போதாது, இரு வழிகள் வேண்டும் என்கின்றன. ஒரு வழி இடிந்தாலும் மற்றொன்றின் வழியே மனிதன் பிழைத்துவர வேண்டுமன்றோ? பாறை வெடிப்பால் எத்தனையோ உயிர்களைப் பறிகொடுத்த பின்னரே உலகம் இத்தகைய விதிகளைக் கற்றது.

பெற்றோரைத் தம்முடன் வைத்துக்கொள்ள இயலாத மக்கள் இப்போது முதியோர் இல்லங்களைத் தேடுகின்றனர். இவ்விதழின் வாசகர்களுள்ளும் அத்தகையோர் இருப்பர். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று வாழ்வோரின் இடர் யாவரும் அறிந்ததே. ஆனால் பெற்றோரை ஒப்படைக்கும் இடத்தில், அன்று சுரங்கத்தில் கேட்ட அந்த இரண்டையாவது கேட்கிறோமா? எண்ணிக்கை ஒன்று, இரண்டாம் வழி ஒன்று.

சுரங்கம் மூடப்பட்ட அதே 2001ஆம் ஆண்டு, ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த ஓர் இல்லத்தின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். அது முதியோர் இல்லம் அன்று. எனினும், தாமாக எழுந்து ஓட இயலாதவரை ஒரு கூரையின் கீழ் வைத்துக் காக்கும் எவரும் மறத்தற்கரிய நிகழ்ச்சி அது. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்து இல்லமொன்றின் வண்டியில் இறந்தவர் உடலும், உயிரோடிருந்த முதியவரும், காய்கறி மூட்டைகளும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்த செய்தி வெளிப்பட்டது. அதன்பின் அரசு அதிகாரிகள் அங்கிருந்தோரைப் பிற இல்லங்களுக்கு மாற்றினர். ஊரார் கண்ணுக்கு அப்பால் ஆண்டுக்கணக்கில் ஓர் இல்லம் நடக்குமாயின், உள்ளே நடப்பது நல்லதா தீயதா என்பதை யாரும் அறியமாட்டார்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது ஓர் இல்லமேனும், ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கும் வகையில், மாநில அரசு நிறுவலாம் என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. 'நிறுவலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'நிறுவ வேண்டும்' என்று அங்கே இல்லை! அவ்வில்லங்களின் தரத்தை வகுக்கும் பொறுப்பும் மாநிலங்களிடமே விடப்பட்டுள்ளது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டடத் தொகுப்பு முதியோர் இல்லங்களைத் தனி வகையில் சேர்த்துத் தீப்பாதுகாப்பு விதிக்கிறது. தொகுப்பு நன்றாகவே இருக்கிறது. வாடகை வீட்டைப் பிடித்து, பெயர்ப்பலகை மாட்டி, பத்துக் கட்டில்களைப் போட்டுவிடும் இடங்களுக்குள் அது எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்பதுதான் ஐயம்.

செல்வ நாடுகளும் இவ்வகையில் எளிதில் தேறிவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பில் நேர்ந்த கொடுமைகளை விசாரிக்க 2018இல் அரச ஆணையம் அமைக்கப்பட்டு, 2021இல் அறிக்கை வெளிவந்தது. அதன் விளைவாக ஒவ்வோர் இல்லத்திலும் இரவும் பகலும் பதிவுபெற்ற செவிலியர் இருத்தல் வேண்டும் என்றும், சராசரியாக ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு இத்தனை நிமிடப் பராமரிப்பு என்றும் கணக்கு வைத்தனர். 2024 அக்டோபர் முதல் அந்தக் கணக்கு 215 நிமிடம். அன்பை நிமிடத்தால் அளப்பதா என்று முதலில் எனக்கு நகைப்பே தோன்றியது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். படுக்கையில் கிடப்பவரை வேளைதோறும் புரட்டிப் படுக்க வைக்காவிடில் முதுகில் புண் விழும். புரட்டுவதற்கு ஆள் வேண்டும். ஆளுக்கு நேரம் வேண்டும். அளக்காத நேரத்தை யாரும் கொடுப்பதில்லை.

தங்கவயல் முதியோருக்கென்று தனியே பார்க்க வேண்டுவனவும் சில உள. பல்லாண்டு பாறைத் தூசியைச் சுவாசித்தவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வருவதுண்டு. அதற்கு முழுத் தீர்வு இல்லை; காசநோயும் எளிதில் தொற்றும். அத்தகையவரை விறகுப் புகை சூழும் சமையற்கட்டிற்கு அடுத்த அறையில் படுக்க வைத்தல் பெருந்தீங்கு. மூச்சுத் திணறினால் பிராணவாயு எங்கே கிடைக்கும், நள்ளிரவில் மருத்துவமனைக்கு யார் கொண்டுசெல்வார் என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும். மொழியும் ஒரு பாதுகாப்பே. நினைவு தளர்ந்த தாய் தமிழில் "வலிக்கிறது" என்று சொல்லும்போது புரிந்துகொள்ளும் ஒருவராவது பணியாளருள் இருத்தல் நலம்.

ஒரு நகரத்தில் இல்லமொன்றைப் பார்க்கச் சென்றேன். ஊரும் பெயரும் வேண்டா. வரவேற்பறை வெகு நேர்த்தி. பளிங்குத் தரை, பூந்தொட்டி, சுவர் நிறையப் படங்கள். பின்புறக் கதவு மட்டும் பூட்டப்பட்டிருந்தது. சாவி எங்கே என்று கேட்டேன். மேலாளர் வீட்டில் இருக்கிறது என்றனர். அவர் வீடோ அடுத்த பேட்டையில்! பளிங்குத் தரையில் கால் வழுக்கியது; குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் பலர் மீண்டும் எழுந்து நடப்பதில்லை. அங்கே பார்த்த பூந்தொட்டி ஒன்றின் விலையில் நான்கு கம்பிகள் பொருத்தியிருக்கலாம்.

ஆகவே, அன்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது இல்லத்தைப் பார்க்க முன்னறிவித்துச் செல்லாதீர்கள். உணவு வேளையில் செல்லுங்கள். இருட்டிய பின் மற்றொரு முறை செல்லுங்கள். இரவில் எத்தனை முதியவர், எத்தனை பணியாளர் என்று எண்ணுங்கள். மருந்து கொடுத்த நேரத்தை எழுதிவைக்கும் ஏட்டையும், விழுந்தவர் பெயரைக் குறிக்கும் ஏட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். யாருமே விழவில்லை என்று காட்டும் ஏட்டை நான் நம்பமாட்டேன். அங்கிருக்கும் முதியவர்களிடம் மேலாளர் அருகில் இல்லாதபோது பேசுங்கள். குறை கண்டால் மாவட்ட அதிகாரிகளிடம் எழுத்து மூலம் முறையிடலாம். முதியோருக்கென 2021 முதல் நாடெங்கும் இயங்கும் 14567 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி உங்கள் தாய் தந்தையர் கட்டிலருகே ஒட்டிவிட்டு வாருங்கள்.