உம்மாவின் மெஷின் நின்ற திங்கட்கிழமை



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாரையாவது ரேடியேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இருந்தால் நேரம் ஒதுக்கி வாசியுங்கள். இதில் என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

போன வருடம் உம்மாவுக்கு வாயில் ஒரு புண். ஆறவே இல்லை. நாற்பது வருடமாக வெற்றிலை போட்டவர். சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்து, புற்றுநோய் என்றார்கள். சத்திரசிகிச்சை முடிந்த பிறகு ரேடியேஷன். ஒரு நாளைக்கு 2 கிரே, 30 நாளைக்கு 60 கிரே. கிரே என்பது உடம்பு உறிஞ்சும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. சனி, ஞாயிறு இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் கற்பிட்டிக்கு வந்து, ஞாயிறு நடுச்சாமம் தாண்டி 2 மணிக்கு மறுபடி வேன் ஏறுவோம். சில கிழமைகளில் ராத்தா கூடப் போவார், சில கிழமைகளில் நான் லீவு போட்டுப் போவேன்.

மூன்றாவது கிழமை, திங்கட்கிழமை காலை. நாங்கள் 7 மணிக்கே போய்விட்டோம். 8 மணிக்குத் தொடங்க வேண்டும். 9 ஆனது, 10 ஆனது, யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. வாங்கு நிறைய ஆட்கள். உம்மாவுக்குத் தண்ணீர் விழுங்கவே கஷ்டம். "மெஷின் செக் பண்ணுகிறார்கள்" என்று மட்டும் சொன்னார்கள்.

10.30 அளவில் எனக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளேயிருந்து ஓர் இளம் பெண் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் ஒரு கொப்பி. அவர்தான் அங்கே மருத்துவ பௌதிகவியலாளர் என்று எனக்கு அப்போது தெரியாது. என் அரைகுறைச் சிங்களத்தில் சத்தம் போட்டேன். "மெஷின் ஓடுகிறது, லைட் எரிகிறது, பிறகு ஏன் நோயாளிகளைக் காக்க வைக்கிறீர்கள்? நாங்கள் புத்தளத்திலிருந்து வருகிறோம், பக்கத்து வீட்டிலிருந்து இல்லை" என்றேன். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. "மன்னியுங்கள், இன்னும் ஒரு மணித்தியாலம் தாருங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

12 மணிக்குச் சிகிச்சை தொடங்கியது. உம்மாவை உள்ளே கொண்டு போன நேரத்தில் அவரே என்னிடம் வந்தார். நான் விஞ்ஞான ஆசிரியர் என்று ராத்தா சொல்லிவிட்டிருந்தார். ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் படம் கீறி விளக்கினார்.

ஒவ்வொரு நாள் காலையும் நோயாளிகளை எடுப்பதற்கு முன் மெஷினிலிருந்து எவ்வளவு கதிர் வருகிறது என்று அளப்பார்களாம். அளக்கும் கருவி ஒரு சின்ன அறை, விரல் நுனியளவு. அதற்குள் காற்று. கதிர் பட்டால் காற்று அயனாகும், அந்த மின்னேற்றத்தைச் சேர்த்து இன்னொரு பெட்டி எண்ணாகக் காட்டும். மின்னோட்டம் மிகமிகச் சிறியது. அன்று காலை அந்த எண் வழக்கத்தைவிட 6 சதவீதம் கூடக் காட்டியது.

இப்போது கேள்வி: மெஷின் கூடக் கொடுக்கிறதா, அல்லது அளக்கும் கருவி பொய் சொல்கிறதா?

கருவியை நம்பி மெஷினைக் குறைத்திருந்தால், கருவி பிழையாக இருக்கும் பட்சத்தில் அன்று வந்த எல்லோருக்கும் மருந்து குறைந்திருக்கும். நோய் திரும்பி வரலாம். கருவியை நம்பாமல் விட்டிருந்தால், மெஷின் பிழையாக இருக்கும் பட்சத்தில் எல்லோருக்கும் கூடிப்போயிருக்கும். சிகிச்சை அளவு 5 சதவீதத்துக்குள் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் உலகத்தில் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. உம்மாவின் 60 கிரேயில் அது 3 கிரே.

அவர் முதலில் செய்தது, மெஷினை நிறுத்திவிட்டுக் கருவியை மட்டும் பார்த்தது. கதிர் இல்லாதபோது எண் அசையக்கூடாது. ஆனால் அது மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது. நம்ம ஊர் மீன் கடையில் மீன் வைக்க முதல் தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்ப்போமே, அதே சோதனைதான்.

பிறகு வெப்பநிலையையும் வளியமுக்கத்தையும் திரும்ப அளந்தார். அறைக்குள் இருப்பது திறந்த காற்று என்பதால் சூடு கூடினால் காற்று ஐதாகும், எண் குறையும். 20 பாகைக்கு அளவுதிருத்தம் செய்த கருவியை 30 பாகையில் வைத்துத் திருத்தாமல் வாசித்தால் 3 சதவீதத்துக்கு மேல் பிழை வரும். அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. கேபிளை மாற்றினார், எண் தொடர்ந்து ஏறியது. அந்தச் சின்ன அறையைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் போட்டார், எண் அசையாமல் நின்றது. அந்த இரண்டாவது அறையால் மெஷினை அளந்தபோது வெள்ளிக்கிழமை இருந்த அளவே வந்தது.

மெஷினில் ஒரு பிழையும் இல்லை. சனி, ஞாயிறு ஏசி நின்றிருந்ததால் முதல் அறையின் இணைப்பு முனையில் ஈரம் பிடித்து, மின்னோட்டம் கசிந்திருக்கிறது. கடற்காற்றில் ரேடியோவும் டிவியும் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியாததா? முனையைத் துடைத்து உலர வைத்த பிறகு கசிவு நின்றது. அப்படியும் அதை உடனே பாவிக்கவில்லை. இரண்டாவது அறையோடு பல தடவை ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு அளவுதிருத்தத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்.

அளவுதிருத்தம் என்பது நம்ம கடைத் தராசுகளுக்கு வருடா வருடம் முத்திரை வைப்பது போன்ற வேலை. கடைக்காரரின் படிக்கல்லை அதிகாரியின் படிக்கல்லோடு ஒப்பிடுகிறார்கள். கதிர்வீச்சு அளக்கும் கருவிகளுக்கு அந்த வேலையைச் செய்ய இலங்கை அணுசக்திச் சபைக்கு ஓர் ஆய்வுகூடம் இருக்கிறது. இப்படியான நாட்டு ஆய்வுகூடங்களை சர்வதேச அணுசக்தி முகவராண்மையும் உலக சுகாதார அமைப்பும் 1976 முதல் ஒரு வலையமைப்பாக இணைத்து வைத்திருக்கின்றன. அவற்றின் கருவிகளை ஒப்பிட்டுக் கொடுக்க ஒஸ்திரியாவில் சைபர்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் முகவராண்மையின் ஆய்வுகூடம் இருக்கிறது. உம்மாவின் கன்னத்தில் படும் 2 கிரேக்குப் பின்னால் இவ்வளவு நீளமான சங்கிலி.

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு சம்பவங்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒன்று ஸ்பெயினின் சரகோசா நகரம், 1990 டிசம்பர். ரேடியேஷன் மெஷின் ஒன்றைப் பழுதுபார்த்தார்கள். அதன் பிறகு எந்தச் சக்தியைத் தெரிவு செய்தாலும் மேசையிலிருந்த ஊசி 36 என்றே காட்டியது. ஊசி சிக்கிவிட்டது என்று நினைத்துச் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். ஊசி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 27 நோயாளிகளுக்கு மிதமிஞ்சிய கதிர் போனது. பலர் இறந்துபோனார்கள்.

மற்றது கொஸ்டாரிக்காவின் தலைநகர் சன் ஹோசே, 1996 ஆகஸ்ட். கோபால்ட் மெஷினுக்குப் புதிய கதிர்மூலம் போட்டு, கதிரின் வேகத்தை அளந்து கணக்கிட்டார்கள். அளந்த நேரம் 0.3 நிமிடம். அதை 30 செக்கன் என்று எடுத்துவிட்டார்கள். 0.3 நிமிடம் 18 செக்கன். அதனால் கதிரின் வேகம் குறைவு என்று கணக்கு வந்தது, நோயாளிகளைக் கூடிய நேரம் மெஷினுக்குக் கீழே வைத்தார்கள். 115 பேருக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கதிர். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போனது.

இதை வாசித்த அடுத்த நாள் தரம் 8 வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன்: 0.3 நிமிடம் எத்தனை செக்கன்? முக்கால்வாசிப் பிள்ளைகள் 30 என்றார்கள். இத்தனை வருடமாக இதே பிழைக்குச் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தவன் நான். அன்று முழுப் பாடவேளையும் அதற்கே கொடுத்தேன். பின் வாங்கிலிருந்த ஒரு மகள் எழும்பி, "சேர், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, இன்னொருக்கால் செய்து பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்குக் கைதட்டச் சொன்னேன். விடையை அவள் பிறகுதான் சரியாகச் செய்தாள்.

அளவையில் குறைப்பவர்களை எச்சரிக்கும் சூரா ஒன்று குர்ஆனில் இருக்கிறது, முதஃப்பிஃபீன். சின்ன வயதிலிருந்து அதைக் கடைக்காரர்களுக்கான சூரா என்றே நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை கொப்பியோடு நின்ற நேரமும் அதே அமானிதம்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது. முப்பது நாற்பது பேர் வெளியே கத்திக்கொண்டிருக்கும்போது "இன்னும் சரியாகவில்லை" என்று சொல்வது இலேசான காரியமில்லை. அடுத்த கிளினிக்குக்குப் போனபோது மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, உம்மாவின் தொண்டை எப்படி என்று கேட்டார்.

சகோதரர்களே, சகோதரிகளே, இனி உங்கள் முறை வரும்போது மெஷினைச் சோதிக்கிறோம் என்றால் காரணத்தைக் கேளுங்கள். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் என்னைப் போல அவசரப்படுத்தாதீர்கள். அந்தத் தாமதம் உங்கள் உம்மாவுக்காகத்தான்.

வெற்றிலை போடும் மூத்தவர்கள் வீட்டில் இருந்தால், வாயில் இரண்டு கிழமையாகியும் ஆறாத புண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நாங்கள் நான்கு மாதம் பிந்தினோம்.

உம்மா அல்ஹம்துலில்லாஹ் இப்போது கஞ்சி குடிக்கிறார். வெற்றிலைத் தட்டத்தை ராத்தா எங்கேயோ ஒளித்துவிட்டார். அடுத்த மாதம் மறுபரிசோதனை. துஆச் செய்யுங்கள்.